பல்பொடியும் காவியமும்

பைரனின் கவிதைகளைவிட, அவர் தம் பதிப்பாளர் ஜான் முர்ரேவுக்கு எழுதிய கடிதங்களே எனக்கு ஒரு படி மேல். 1816-இல் இங்கிலாந்தை விட்டுப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. வெனிஸ், ராவென்னா, பீசா, ஜெனோவா என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தார். லண்டன் ஆல்பமார்ல் தெரு 50-ஆம் எண் வீட்டுக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. அச்சுப்பிழைக்குத் திட்டு, புதிய காண்டம், வெனிஸ் ஊர்வம்பு, கூடவே பல்பொடியும் மக்னீசியாவும் அனுப்பச் சொல்லி நச்சரிப்பு. பதிப்பாளர்தான் மளிகைக் கடையும்! அந்நாளில் இங்கிலாந்தில் தபால் கூலியைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கட்டினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முர்ரே பொறுத்துக்கொண்டார். ஏன் மாட்டார்? 1814-இல் பைரனின் 'கோர்சேர்' காவியம் முதல் நாளே 10,000 பிரதி விற்றிருந்தது. ஆனால் 'டான் ஜுவான்' அவரை நடுங்கவைத்தது. 1819-இல் முதல் இரு காண்டங்களை ஆசிரியர் பெயரும் இல்லாமல், தம் பெயரும் இல்லாமல், அச்சகத்தார் பெயரை மட்டும் போட்டு வெளியிட்டார். வெட்டித் திருத்தப் பைரன் மசியவில்லை. பிந்தைய காண்டங்கள் வேறொரு பதிப்பாளரான ஜான் ஹன்ட்டிடம் போயின.

பைரன் இறந்த செய்தி வந்த சில நாளில், 1824 மே 17 அன்று, அவருடைய நினைவுக்குறிப்புகளை முர்ரே வீட்டுக் கணப்பிலேயே எரித்தார்கள். நல்லவேளை, கடிதங்களில் கைவைக்கவில்லை. முர்ரே குடும்பத்தின் ஆவணங்கள் 2006-இல் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்குப் போய்ச்சேர்ந்தன.