பாமினி எழுத்துருவின் மறுபக்கம்

தொண்ணூறுகளில் வெள்ளவத்தைத் தட்டச்சுக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை அச்சகங்களிலும் வேலை தேடிப் போனவரிடம் கேட்கப்பட்ட முதற் கேள்வி, "பாமினி தெரியுமா?" என்பதுதான். தட்டச்சுப்பொறியிற் போலக் கொம்பை முதலில் அடித்து, மெய்யைப் பின்னர் அடிக்கலாம். பழகிய விரல்களுக்கு அது பெரிய வசதி.

ஆனால் பாமினி ஒரு முகமூடி. திரையில் நாம் 'தமிழ்' என்று வாசிக்கும்போது, கணினி தன்னுள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகளையே வைத்திருக்கும். எழுத்துருவை அகற்றினால் தமிழும் அகன்றுவிடும். அதனாற்றான் அன்றைய இணையத்தளங்களின் முகப்பில் எழுத்துருவைத் தரவிறக்கும்படி ஓர் அறிவிப்புத் தவறாமல் இருந்தது. பின்னர், பக்கத்தோடு தானே வந்திறங்கும் இயங்கு எழுத்துரு வந்தது. எக்ஸ்புளோரருக்கு ஒன்று, நெற்ஸ்கேப்புக்கு வேறொன்று!

இந்த முறை நிலைக்குமா என்ற விவாதம் சூடானது. 1991இலேயே யுனிகோட் தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. எனினும் 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாடு டாம், டாப் என்ற வேறு இரு குறியீடுகளைப் பரிந்துரைத்தது. புலம்பெயர்ந்தோர் மின்னஞ்சல் வழியே கூடி உருவாக்கிய டிஸ்கி மற்றொன்று. யுனிகோட்டை எதிர்த்தவர்கள், உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரப்படவில்லை என்றார்கள். அந்தக் குறை பொய்யன்று. 2010 ஜூனில் தமிழ்நாட்டரசு யுனிகோட்டோடு டேஸ் 16 என்ற குறியீட்டையும் ஏற்றதற்கு அதுவே காரணம். பாமினிக்காரர்களின் வாதமோ எளிமையானது: விண்டோஸ் 98 ஓடும் நெற்கபேயில் யுனிகோட் வெறுஞ் சதுரங்களாகத் தெரிந்தால் யார் வாசிப்பார்?

தீர்ப்பை எந்த மாநாடும் வழங்கவில்லை. விண்டோஸ் 2000உம் அதன்பின் எக்ஸ்பியும் பரவின. 2003இல் தமிழ் வலைப்பதிவுகளும் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. தேடுபொறியில் தமிழிலேயே தேடலாம் என்று கண்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இணையத்தில் தோற்ற பாமினி, அச்சகங்களில் மட்டும் நீண்டகாலம் கோலோச்சியது. தமிழ் யுனிகோட்டை அறியாத பேஜ்மேக்கர் அதற்குப் புகலிடம் கொடுத்தது. கல்யாண அழைப்பிதழும் அந்தியேட்டி அழைப்பும் பாமினியிலேயே பிறந்தன.

இதை வெறும் தொழில்நுட்பக் கதையாக நான் பார்க்கவில்லை. யுனிகோட் பரவுமுன் ஈழத்தமிழர் இணையத்தில் எழுதியவற்றிற் பெரும்பகுதி போர்க்காலச் செய்தி, இரங்கல், இடம்பெயர்வு பற்றியது. அவற்றில் எத்தனையோ பக்கங்கள் பாமினியிலும் அதையொத்த எழுத்துருக்களிலும் இருந்தன. இலவச இடமளித்த ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டது. எங்கேனும் எஞ்சிய பக்கத்தை இன்று திறந்தால், அரைப்புள்ளிகள் இறைந்த ஆங்கிலக் குழப்பமே தெரிகிறது. தேடுபவரின் தமிழ்ச்சொல் அதைத் தொடாது. அழியாமலே மறைந்துபோன எழுத்து அது.

மீட்க வழி இல்லாமலில்லை. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் நொடியில் யுனிகோட்டாக்கித் தரும். ஆனால் எழுத்துருவின் பெயர் தெரிந்திருக்கவேண்டும். ஒவ்வொன்றின் அடுக்கும் வேறு. பெயர் அறிந்தவர்களுக்கு வயதேறிக்கொண்டிருக்கிறது.

என் பழைய கட்டுரைகள் இருக்கும் குறுவட்டின் உறையில் 'பாமினி' என்று பேனையால் எழுதி, எழுத்துருக் கோப்பையும் உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் அலுமாரியிலும் இப்படியொரு குறுவட்டு இருந்தால், உறையில் அந்தப் பெயரை எழுதிவையுங்கள்.