வெங்காயச் சருகில் வெந்த முட்டை

ஈஸ்டருக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இங்கே கடைகளில் பிளாஸ்டிக் முட்டையும் மஞ்சள் பஞ்சில் செய்த கோழிக்குஞ்சும் அட்டை முயலும் வந்து குவிந்துவிடும். காசில்லாதவர்கள்தான் இதையெல்லாம் வீட்டில் செய்துகொள்வார்கள் என்று என் மகள் வெகுநாள் நினைத்திருந்தாள். லங்காஷயரைப் பொறுத்தவரை கதை தலைகீழ். வீட்டு முட்டைதான் மூத்தது. கடை முட்டை பின்னால் வந்தது.

நான் கோவில்பட்டிக்காரி, குடித்தனம் இங்கிலாந்தில், லங்காஷயரின் பிரெஸ்டனில். எங்கள் பக்கம் இந்த நாட்களுக்குப் பிள்ளைகள் கையால் செய்வது குருத்தோலைச் சிலுவை. முட்டைக்கு அதில் வேலையே இல்லை. இங்கே முட்டை வந்ததற்குக் காரணம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள். இடைக்கால இங்கிலாந்தில் அந்த நாற்பது நாளும் இறைச்சியோடு முட்டைக்கும் தடை. கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்துபோன முட்டைகளை ஈஸ்டருக்கு அவித்து, நிறமேற்றிக் கொடுத்தார்கள். 1290இல் முதலாம் எட்வர்ட் மன்னரின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. நிறம் பூசியும் தங்க ரேக்கு ஒட்டியும் அரண்மனையாட்களுக்குக் கொடுத்தவை அவை.

தங்க ரேக்கு மன்னருக்கு. வடக்கு இங்கிலாந்தின் சனங்களுக்கு வெங்காயச் சருகு. இப்படி நிறமேற்றிய முட்டையை இங்கே ‘பேஸ் எக்’ என்பார்கள். செய்முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முட்டையை நனைத்து, அதன்மேல் சின்ன இலை, பூ, பெரணிக் கொழுந்து என்று எதையாவது ஒட்டவைத்து, சுற்றிலும் காய்ந்த வெங்காயச் சருகைப் போர்த்தி, பழந்துணியில் இறுக்கிக் கட்டி அவிக்க வேண்டும். இலை இருந்த இடம் வெளிறி நிற்க, மற்ற இடமெல்லாம் பொன்னும் செம்பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஏறும். ஆறியதும் கொஞ்சம் வெண்ணெய் தடவித் துடைத்தால் பளபளப்பு வந்துவிடும். பெரியவர்கள் ஊசியால் கீறி, பெயரும் பூவேலையும் எழுதுவதுண்டு. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் வீட்டுத் தோட்டக்காரர் ஜேம்ஸ் டிக்சன் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அலங்கரித்த முட்டைகள் கிராஸ்மியர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு தோட்டக்காரரின் கைவேலை, கவிஞரின் கையெழுத்துப் பிரதிகள் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

முட்டை வாங்கவும் வழியில்லாதவர்கள் ஆடிப்பாடி வாங்கினார்கள். முகத்தில் கரி பூசி, உடம்பெல்லாம் ரிப்பனும் காகிதமும் தொங்க வீடுவீடாகப் போய் முட்டையோ சில்லறையோ கேட்பார்கள். டாஸ்பாட் என்ற கோமாளி வைக்கோல் வாலோடு கூடையைத் தூக்கிவருவான். யார்க்‌ஷயரின் ஹெப்டன்ஸ்டாலில் இந்தக் கூத்து இன்றும் பெரிய வெள்ளியன்று நடக்கிறது. துக்க நாளில் கூத்தா என்று எங்கள் ஊர் உபதேசியார் கேட்டிருப்பார்.

பிரெஸ்டனின் பங்கு முட்டை உருட்டுவது. ஈஸ்டர் திங்களன்று அவென்ஹாம் பூங்காவின் புல்சரிவில் பிள்ளைகள் முட்டையை உருட்டிவிடுவார்கள்; 1867இலிருந்து நடப்பது என்பது ஊர்க்கணக்கு. அந்தப் பூங்கா வந்த கதையை எங்கள் கரிசல்காட்டுக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் பருத்தி வரத்து நின்று, லங்காஷயர் ஆலைகள் மூடின. வேலையிழந்தவர்களுக்கு நிவாரண வேலையாக மண் வெட்டவைத்து உண்டாக்கிய பூங்கா இது. திட்டம் போட்டவர் எட்வர்ட் மில்னர். ஆலைக்காரர்கள் இந்தியப் பருத்தியைத் தேடினார்கள். சூரத் பஞ்சு குட்டை இழை, ஓயாமல் அறும் என்று நெசவாளிகள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். அதே சமயம் திருநெல்வேலிச் சீமையில் பருத்தி விலை எகிறி, தூத்துக்குடியிலிருந்து பொதி பொதியாகக் கப்பலேறியது. இங்கே பட்டினி, அங்கே வரவு. அந்தப் பட்டினிக்காரர்கள் வெட்டிய சரிவில்தான் வெங்காயச் சருகு முட்டை உருண்டது.

பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் பிரிட்டனின் முதல் சாக்லேட் முட்டையைச் செய்தது 1873இல். கேட்பரி 1875இல். பூங்காவில் முட்டை உருளத் தொடங்கி ஆறு ஆண்டு கழித்துத்தான் கடை முட்டையே பிறந்தது. இன்றைக்குப் பூங்காவுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்தான் குறி. அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் சாக்லேட்டைச் சாப்பிடலாமே தவிர அதில் பிள்ளைக்குச் செய்ய வேலை ஏதும் இல்லை.

உருட்டிய முட்டையின் உடைந்த ஓட்டை அப்படியே போடக்கூடாது, நொறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூனியக்காரிகள் அதைப் படகாக்கிக்கொள்வார்கள் என்பது லங்காஷயர் நம்பிக்கை. என் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும், மிதித்தே தூளாக்குவார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளை ஓட்டு முட்டையில் இலை அச்சு துலக்கமாக விழும். பழுப்பு முட்டையில் நிறம் கருஞ்சிவப்பாகப் போய்விடும். சருகு நிறைய வேண்டும், அதனால் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பை என்றால் பூஞ்சை பிடித்துவிடும்.