மயக்கத்தில் பேசியவர் யார்?

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 20ஆம் பிரிவில், மூன்றாம் உட்பிரிவு ஒரே வாக்கியத்தால் ஆனது. குற்றம் சாட்டப்பெற்ற எவரையும் தமக்கெதிராகத் தாமே சாட்சியாகுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்பது அதன் கருத்து. ஆங்கிலச் சட்டவாசகங்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள நாம் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுவதுண்டு. 'தமக்கு' என்றும் 'தாமே' என்றும் ஒருவரே இருவராகி நிற்கின்றார். சொல்பவர் ஒருவர், சொல்லால் சிக்குபவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே நின்று, எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் காவலன் ஒருவனும் உண்டு. அக்காவலனை மட்டும் உறங்கவைத்துவிட்டால் என்ன நிகழும்? பெங்களூரு நகரில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வினா ஏட்டளவில் நில்லாது, ஊசிமருந்தாக உருக்கொண்டது.

அதன் முன்வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் மகப்பேறு மருத்துவராக இருந்த ராபர்ட் ஹவுஸ், 1916இல் பேறுகால வேதனை தெரியாதிருக்க ஒரு பெண்ணுக்கு ஸ்கோபோலமைன் என்னும் மருந்தைக் கொடுத்திருந்தார். குழந்தையை நிறுப்பதற்குத் தராசு தேவைப்பட்டது. கணவருக்கு அது கிடைக்கவில்லை. அரைத்துயிலில் இருந்த மனைவியோ அது இருக்குமிடத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பொய் சொல்ல மனவுறுதி வேண்டும், அவ்வுறுதியை மருந்து கரைத்துவிட்டால் எஞ்சுவது உண்மையே என்று ஹவுஸ் முடிவு கட்டினார். 1922இல் டல்லாஸ் நகரில் கைதிகள் இருவரிடம் இதனைச் சோதித்தார். 'உண்மை மருந்து' என்னும் பெயர் பரவிற்று. தராசு இருக்குமிடம் வேறு, கொலைப்பழி வேறு என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். மருந்துண்டவர் உண்மையையும் கற்பனையையும் கலந்து பேசுகின்றார், வினவுவோரின் குறிப்பைத் தழுவியும் விடை தருகின்றார் என்பது பின்வந்த மருத்துவர்களின் அனுபவம்.

மேலைநாட்டு நீதிமன்றங்கள் ஐயத்துடன் ஒதுக்கிய இம்முறை, 2000ஆம் ஆண்டுக்குப் பின் பெங்களூருவில் செழித்தது. மடிவாளாவில் உள்ள அரசுத் தடயவியல் ஆய்வகத்துக்குப் பிற மாநிலக் காவல்துறையினரும் தம் கைதிகளை அழைத்து வந்தனர். 2003இல் நாட்டையே கலக்கிய போலி முத்திரைத்தாள் வழக்கின் முதன்மைக் குற்றவாளியும் இங்குச் சோதிக்கப்பட்டார். மருத்துவமனை மேசையில் படுத்தவரின் நரம்பில் சோடியம் பென்டத்தால் சிறிது சிறிதாக ஏறும். நினைவு மங்கியும் மறையாமலும் இருக்கும் நிலையில் கேள்விகள் தொடங்கும். இத்தகைய விசாரணைகளின் ஒளிப்பதிவுகள் தொலைக்காட்சியிலும் வெளிவந்தன. பேசியவர் தாம் பேசியதைப் பிறரோடு சேர்ந்து கேட்கும் நிலை உண்டாயிற்று.

அதே ஓசூர் சாலையில் அமைந்தது நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம். அங்கு மருத்துவ உளவியல் பேராசிரியராக இருந்த சி. ஆர். முகுந்தன் வகுத்த முறைக்கு ஊசியும் வேண்டா, பேச்சும் வேண்டா. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குற்றம் நிகழ்ந்த வகையைத் தன்மையிடத்துச் சிறு வாக்கியங்களாக ஒலிக்கச் செய்வர். கேட்பவர் வாய் திறவாதிருப்பார். ஒரு செயலைப் பிறர் சொல்லி அறிந்த மூளையையும், தானே செய்து அனுபவித்த மூளையையும் மின்னலைகள் வேறுபடுத்திக் காட்டும் என்பது கோட்பாடு. 'இது என் செயல்' என்பதை நான் ஒப்ப வேண்டியதில்லை, என் மூளையே கையொப்பம் இட்டுவிடும் என்பது இதன் பொருள். 2008 ஜூன் மாதம் புனே நீதிமன்றம் ஒன்று, ஏனைய சான்றுகளோடு இவ்வலைகளையும் ஏற்றுக் கொலைவழக்கில் தண்டனை விதித்தது. அதே ஆண்டில், நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, இச்சோதனை அறிவியல் முறைப்படி நிறுவப்பட்டதன்று என்று அறிவித்தது. முறையை வகுத்தவர் பணிபுரிந்த நிறுவனத்தின் தலைவரே மறுப்புக்கும் தலைமை தாங்கியது நம் மதிப்புக்குரியது.

செயல் செய்பவனுக்கு உரியதா என்னும் வினா இந்நிலத்துக்குப் புதிதன்று. எல்லாம் நியதிவழி நிகழ்வன, மனித முயற்சி என்று ஒன்றில்லை எனக் கற்பித்த ஆசீவகர், பதினான்காம் நூற்றாண்டு வரை பெங்களூருக்குக் கிழக்கே கோலார்ப் பகுதியில் வாழ்ந்தனர் என்பது ஏ. எல். பாஷம் 1951இல் வெளியிட்ட நூலின் முடிபு. அப்பகுதிக் கல்வெட்டுகளில் வரும் வரிப்பெயர் ஒன்றை அவர்மீது விதித்த வரியாக அவர் கொண்டார். எச்செயலும் தமதன்று என்றோரும் வரியைத் தம் பேரில்தான் செலுத்தினர்! நீலகேசி என்னும் தமிழ்ச் சமணநூல் இவர்களோடும், நிலையான ஆன்மா இல்லை என்ற பௌத்தரோடும் வாதிடுகிறது. வாதம் எவ்வாறு முடியினும், அரசன் கணக்கும் நீதிமன்றமும் செய்தவர் ஒருவர் உண்டு என்று கொண்டே நடந்தாக வேண்டும்.

செல்வி எதிர் கர்நாடக அரசு என்னும் வழக்கில், 2010 மே 5ஆம் நாள், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் உள்ளிட்ட மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. 1961இல் பதினொரு நீதிபதிகள், கைரேகை எடுப்பது ஒருவரைச் சாட்சியாக்குவதன்று எனத் தீர்த்திருந்தனர். ரேகை உடலின் அடையாளமேயன்றி உள்ளத்தின் அறிவைச் சொல்வதன்று. மயக்கப் பேச்சும் மூளையலையும் அவ்வாறானவையல்ல, அவை ஒருவரின் சொந்த அறிவை வெளியிடுவன. ஆதலின் இசைவின்றிச் செய்யும் சோதனை கட்டாயச் சாட்சியமே என்றது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இதனோடு நிற்கவில்லை. இசைந்து சோதனைக்கு உட்பட்டவரின் விடைகளும் சான்றாகா; விடையளிக்கும் வேளையில் அவற்றின்மீது அவருக்கு உணர்வோடு கூடிய ஆட்சி இல்லை என்றும் கூறியது.

நுனித்து நோக்கின் இங்கு ஒரு முரண் தென்படும். வெளிப்பட்டது அவருடைய அறிவு. ஆதலின் பறிக்கக் கூடாது. வெளிப்பட்ட சொல்லை அவர் ஆளவில்லை. ஆதலின் அவர் வாக்காகக் கொள்ளக் கூடாது. எண்ணம் அவருக்கு உரியது, சொல் உரியதன்று! தத்துவ ஆசிரியர் இதனை ஏற்பரோ என்பது ஐயமே. எனினும் இம்முரணை நாம் குறையாகக் கருதவில்லை. சொல்லாதிருக்க இயன்றபோது சொன்னதே ஒருவரின் சொல் என்னும் எல்லைக்கோட்டைத் தீர்ப்பு இட்டுவிட்டது. 'நான்' என்பது யாதென வரையறுக்கும் வேலையை நீதிபதிகள் மேற்கொள்ளவில்லை. வழக்குக்கு அது வேண்டப்படவும் இல்லை.

ஒரு வாயில் மட்டும் திறந்தே விடப்பட்டது. இசைந்து மயங்கியவர் பேசியதைப் பின்பற்றிச் சென்று ஒரு பொருளைக் கண்டெடுத்தால், 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அக்கண்டெடுப்பு சான்றாகலாம் என்றது தீர்ப்பு. அச்சட்டம் 2024 ஜூலை முதல் நாள் வழக்கொழிந்தது. அப்பிரிவின் கருத்தோ புதிய சட்டத்தின் 23ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. கிணற்றடியில் கத்தி கிடக்கிறது என்று மயக்கத்தில் சொன்ன சொல் அவருடையதன்று. அங்கே தோண்டி எடுத்த கத்தி அவருக்கெதிரே நீதிமன்ற மேசைக்கு வரலாம்.