தீமையும் தெய்வமும்: நட்புக் குன்றாத ஒரு வாதத்தின் வரலாறு

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலை முகங்கொண்டு அமைந்த சிற்றூர் சல்லி. கடலை நம்பி வாழும் அவ்வூரின் அடையாளமாக விளங்குவது கரையோரத்தே கோயில் கொண்ட முத்துமாரியம்மன் ஆலயம். 'முத்து' என்னும் அடை அம்மை நோயின் கொப்புளங்களைச் சுட்டும் என்பது மரபுவழி விளக்கமாகும். நோயைத் தருபவளும் அவளே, தணிப்பவளும் அவளே என்பது மாரியம்மன் வழிபாட்டின் அடிப்படை. தெய்வம் நல்லதாயின் தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவைத் தத்துவ நூலார் எழுப்புமுன்னரே, அவ்வினாவோடு கூடி வாழும் வழியொன்றை ஊர் வழிபாடு கண்டுவிட்டது எனலாம். 1802ஆம் ஆண்டில் இலங்கையில் அம்மைப்பால் குத்துதல் தொடங்கிற்று. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென அறிவித்தது. நோய் ஒழிந்த பின்னரும் மாரியம்மனுக்குப் பொங்கல் ஒழியவில்லை. ஐயவாதிக்கு இது வியப்பளிக்கும். நம்புவோனுக்கு இதில் வியப்பில்லை. இருவரும் ஒரே ஊரில் வாழ்கின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இக்கரையின் வரலாறு அவ்வினாவைப் பலமுறை எழுப்பியுள்ளது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1964 டிசெம்பரிற் பெரும் புயல் தாக்கிற்று. பின்னர் நீண்ட போர் வந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சல்லி உள்ளிட்ட கரையோரக் கிராமங்கள் அவ்வலையின் வாயிலே இருந்தன. அந்நாட்களில் பல நாடுகளிலும் பல சமயத்தாரிடையேயும், இது மக்கள் செய்த பாவத்துக்குத் தெய்வம் அளித்த தண்டனை என்ற பேச்சு எழுந்தது. கடவுள் இருந்தால் இது நடக்குமா என்ற எதிர்ப்பேச்சும் உடன் எழுந்தது. பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயின் முன் நின்று நோக்குமிடத்து, முன்னதிற் கொடுமையும் பின்னதில் அவளுக்கு உதவாத வெற்றிக்களிப்பும் காணப்படும். இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட ஒரு வாதமுறை இருந்ததா என வரலாற்றில் தேடுதல் பயனுடையது.

தமிழ் மரபில் மறுப்போர்

தமிழ் இலக்கியம் மறுப்போரின் குரலை மறைத்து வைத்ததில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரிற் பல சமயக் கணக்கரின் கொள்கைகளையும் மணிமேகலை கேட்கின்றாள். அவர்களுள் காட்சிக்கு அப்பால் எதனையும் ஏற்காத பூதவாதியும் ஒருவன். நின் தாய் தந்தையரைக் கருதலளவையால் அன்றி வேறெவ்வாறு அறிவாய் என்று அவனை மடக்குகின்றாள். அவனோடு பகை கொள்வதில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதன் மதத்தையே முதலில் எடுத்து மொழிகின்றது. எதிரியின் கூற்றை அவன் உரைக்குமாறே உரைத்து, அதன்பின் மறுப்பதே அந்நூலின் நெறி.

தீமை பற்றிய வினாவுக்குச் சைவசித்தாந்தம் தரும் விடையும் நுட்பமானது. ஆணவ மலம் அநாதியானது. இறைவன் அதனைப் படைத்தவன் அல்லன். வினைப்பயனை அவன் ஊட்டுவது, பெற்றோர் பிள்ளையை ஒறுத்துத் திருத்துவது போன்றது. இவ்விளக்கத்தில் இறைவன் தீமையின் காரணன் என்னும் பழியினின்றும் நீங்குகின்றான். ஆனால் துன்புறுவோனே தன் துன்பத்துக்குப் பொறுப்பாளி என்ற முடிவும் அதனுடன் வந்து சேர்கின்றது. முற்பிறப்பின் வினை இன்னதென அறியாத குழந்தை அதனால் எவ்வாறு திருந்தும் என்று மறுப்போர் வினவுவர். அவ்வினாவின் வன்மையை உணர்வதற்கு நாத்திகனாக இருத்தல் வேண்டுவதில்லை.

எனினும் பழைய வாதங்கள் யாவும் நட்பில் முடிந்தன எனக் கொள்ளுதல் பொருந்தாது. மதுரையில் வாதில் தோற்ற சமணர் கழுவேறிய செய்தியைப் பெரியபுராணம் கூறுகின்றது. அது வரலாற்று நிகழ்ச்சியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அச்செய்தியைப் பெருமையுடன் சொல்லும் மனநிலை ஒரு காலத்தில் இருந்தமைக்கு அதுவே சான்று. ஆதலின், வாதிடுவோர் நண்பராய் நிலைத்த சந்தர்ப்பங்கள் தனியே ஆராயத்தக்கன.

1934: நிலநடுக்கமும் இரு பெரியாரும்

அத்தகைய சந்தர்ப்பம் ஒன்றின் தொடக்கம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கிற்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தியடிகள், அம்மாதம் 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், இப்பேரழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்காக இறைவன் அளித்த தண்டனை எனத் தாம் நம்புவதாகக் கூறினார்.

செய்தித்தாள்களில் இதனைக் கண்ட இரவீந்திரநாத் தாகூர் திடுக்குற்றார். அவர் நாத்திகர் அல்லர். ஆனால் இவ்விடத்தில் ஐயவாதியின் பணியை அவரே மேற்கொண்டார். மறுப்புரை ஒன்றை எழுதி அதனை நேரே பத்திரிகைக்கு அனுப்பாமல் காந்தியடிகளுக்கே அனுப்பினார். செய்தி உண்மையாயின் மறுப்பைப் பத்திரிகைகளுக்குச் சேர்ப்பிக்குமாறும், உறுதிப்படாத செய்தியை வைத்துக் கண்டிக்கத் தாம் விரும்பவில்லை என்றும் கடிதத்திற் குறிப்பிட்டார். காந்தியடிகள் அதனை மறைக்கவில்லை. 1934 பெப்ரவரி 16ஆம் நாள் வெளிவந்த தமது 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பையும் தம் பதிலையும் ஒருங்கே வெளியிட்டார்.

தாகூரின் வாதம் இரு கூறுகளை உடையது. பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு. அதனை ஒழுக்க விதியோடு பிணைத்தால் அறிவுக்கு ஒவ்வாத போக்கு வளரும் என்பது ஒன்று. இதே தருக்கத்தைக் கையாண்டு, தீண்டாமையை ஒழிக்க முயன்றமைக்கே இத்தண்டனை என்று சனாதனிகளும் கூறலாமே என்பது மற்றொன்று. காந்தியடிகளோ பௌதிக உலகும் ஒழுக்க உலகும் பிரிக்கவொண்ணாதவாறு இணைந்தவை எனத் தாம் நம்புவதாகப் பதிலுரைத்தார். அதனை நிறுவத் தம்மால் இயலாது என்றும் ஒப்புக்கொண்டார்.

தருக்க முறையில் நோக்குமிடத்து வெற்றி தாகூருக்கே உரியது. இடிந்த வீடுகளுட் சாதி இந்துக்களின் வீடுகளும் இருந்தன, தாழ்த்தப்பட்டோரின் குடிசைகளும் இருந்தன. குற்றவாளியையும் குற்றத்துக்கு இரையானவனையும் ஒருங்கே வீழ்த்தும் தண்டனையை நீதி என்றல் அரிது. ஆனால் காந்தியடிகளின் கூற்றில் ஒரு வேறுபாடு அவதானிக்கத்தக்கது. பாவம் செய்தவர் பீகார் மக்கள் என்று சுட்டி ஒதுங்காமல், தம்மையும் உள்ளடக்கி 'நமது பாவம்' என்றே அவர் பேசினார். பிறரைக் குற்றஞ்சாட்டும் சமயப்பேச்சுக்கும் தன்னைச் சோதிக்கும் சமயப்பேச்சுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. எனினும் கேட்போர் செவியில் அவ்வேறுபாடு நிலைக்குமா என்பதே தாகூரின் அச்சம். 2004இற்குப் பின் எழுந்த பேச்சுகள் அவ்வச்சம் வீணன்று என்பதைக் காட்டின.

கடவுளை மறுத்தவர் சேவாகிராமத்தில்

இரண்டாவது சந்தர்ப்பம் இதனினும் ஆழமானது. 'கோரா' என அறியப்பட்ட கோபராஜு இராமச்சந்திரராவ் (1902–1975) ஆந்திரர், தாவரவியல் ஆசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் சில காலம் கற்பித்தவர். கடவுள் மறுப்புக் கொள்கையின் பொருட்டு 1933இற் காக்கிநாடாக் கல்லூரிப் பதவியை இழந்தார். 1940இல் முதுநூர்க் கிராமத்தில் நாத்திக மையத்தை நிறுவித் தீண்டாமை ஒழிப்பிலும் முதியோர் கல்வியிலும் ஈடுபட்டார். 1941இல் அவருடைய கடிதம் ஒன்றுக்குப் பதிலளித்த காந்தியடிகள், நாத்திகம் என்பது தன்னையே மறுத்தலாகும் எனக் கடுமையாகவே எழுதினார்.

1944 நவம்பரில் இருவரும் சேவாகிராமத்திற் சந்தித்தனர். கடவுள் இல்லாத ஒருவரோடு எதனைப் பேசுவது என்று காந்தியடிகள் நகைத்தவாறே வரவேற்றார். கோராவும் உடன் நகைத்தார். கடவுள் இல்லாமை என்பது வெறும் இன்மை, நாத்திகமோ ஒரு வாழ்க்கை நெறி எனத் தம் நிலையை விளக்கினார். அதன்பின் அவர் எடுத்துக்கொண்ட சான்று 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம். ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்களைக் கொண்ட அப்பஞ்சத்தின்போது, கல்கத்தா வீதிகளில் தின்பண்டக் கடைகளின் அருகிலேயே மக்கள் பட்டினியால் மடிந்தனர். கடைகளை அவர்கள் தொடாமைக்கும், உடையோர் இரங்காமைக்கும் எல்லாம் விதியின்படி என்னும் நம்பிக்கையே காரணம் என்பது கோராவின் வாதம். தீமையைக் கடவுளின் திருவுளமாகக் காணும்வரை மனிதன் அதனை எதிர்க்க எழமாட்டான் என அவர் முடித்தார்.

காந்தியடிகள் இதனைப் பொறுமையுடன் கேட்டார். தமது ஆத்திகம் சரியென்றோ கோராவின் நாத்திகம் தவறென்றோ தம்மால் கூறவியலாது எனவும், இருவரும் உண்மையைத் தேடுவோரே எனவும், பிழை கண்டபோது மாறுவதே கடன் எனவும் விடையளித்தார். 1941ஆம் ஆண்டின் கடிதத்தோடு இதனை ஒப்புநோக்கின் மாற்றம் விளங்கும். இதற்கான கொள்கை அடிப்படையை அவர் முன்னரே வகுத்திருந்தார். கடவுளே உண்மை என்று கூறிவந்தவர், 1931 அளவில் உண்மையே கடவுள் என மாற்றிக் கூறினார். கடவுளை மறுப்போரும் உண்மையை மறுப்பதில்லை என்பதே அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

இந்நட்பு சொல்லளவில் நிற்கவில்லை. கோரா தம் மகளைத் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணஞ்செய்விக்க எண்ணியபோது, அத்திருமணத்தைச் சேவாகிராமத்திலே தாம் நடத்திவைக்கக் காந்தியடிகள் இசைந்தார். சடங்கிற் கடவுளின் பெயரை விடுத்து உண்மையின் பெயரைக் கொள்ளவும் உடன்பட்டார். 1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சில் திருமணம் அவ்விடத்திலேயே நிறைவேறிற்று. கோரா இவ்வுறவை விவரித்து எழுதிய நூலை 1951இற் காந்தியடிகள் நிறுவிய நவஜீவன் பதிப்பகமே வெளியிட்டது.

கோராவின் பஞ்ச விளக்கம் முற்றும் சரியானதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வு, வங்கத்தில் உணவு கிடைப்பளவின் வீழ்ச்சி அப்பஞ்சத்தை விளக்கப் போதாது எனவும், போர்க்கால விலையேற்றத்தால் கிராமத் தொழிலாளர் உணவைப் பெறும் வலுவை இழந்தமையே காரணம் எனவும் காட்டிற்று. விதி நம்பிக்கை மக்களை அடக்கியிருக்கலாம். பஞ்சத்தை ஆக்கியது அதுவன்று. ஆயினும் பசியைத் திருவுளமெனக் கொள்ளாது காரணம் தேடவேண்டும் என்ற கோராவின் கோரிக்கையை இவ்வாய்வு உறுதிப்படுத்தவே செய்கின்றது.

இரண்டு மணி நேரம்

1755 நவம்பர் 1ஆம் நாள், கிறித்தவரின் திருநாளொன்றில், போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. உலகில் யாவும் நன்மைக்கே என்னும் கொள்கையை வோல்டயர் ஒரு கவிதையால் தாக்கினார். 1756 ஓகஸ்டில் அவருக்குக் கடிதம் எழுதிய ரூசோ இறைவனின் அருளில் தம் நம்பிக்கையை வலியுறுத்தினார். அதனுடன், ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கை அன்று, மனிதனே என்றும் சுட்டிக்காட்டினார். இங்கு நம்புவோனே மனிதக் காரணத்தைத் தேடுகின்றான் என்பது கவனத்துக்குரியது.

அந்நோக்கிற் சல்லிக் கரையை மீண்டும் நோக்கலாம். சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் அசைந்ததற்கும் இலங்கையின் கீழ்க்கரையை அலை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் உண்டு. இந்து சமுத்திரத்துக்கு 2004இல் அத்தகைய ஏற்பாடு இல்லை. நிலம் ஏன் அசைந்தது என்ற வினாவில் நம்புவோனும் மறுப்போனும் பிரியலாம். அவ்விரண்டு மணி நேரம் ஏன் வீணாயிற்று என்ற வினாவில் அவர்கள் பிரிவதற்கு இடமில்லை. 2006 முதல் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறைமை இயங்கத் தொடங்கியது. அதற்காக உழைத்தோர் கடவுளை நம்பினரா இல்லையா என்பதை அலை வினவப்போவதில்லை.

இதனால் பழைய வினா தீர்ந்துவிட்டது என்று கூறவியலாது. எச்சரிக்கை எட்டாத நோயும் எதிர்பாராத சாவும் உள்ளவரை, ஏன் என்று கேட்கும் உரிமை மனிதனுக்கு உண்டு. கேட்பவனைப் பாவி என்னாத ஆத்திகமும், தொழுபவனை மூடன் என்னாத நாத்திகமும் அரியவை, ஆயினும் இருந்திருக்கின்றன. தம்மை மறுத்த உரையைத் தம் இதழிலேயே அச்சேற்றியவரும், அம்மறுப்பை முதலில் அவரிடமே அனுப்பியவரும் அதற்குச் சான்றாவர். சல்லியில் அம்மன் கோயில் மணியொலியும் அலையோசையும் ஒருங்கே கேட்கின்றன. கடலுக்குச் செல்வோர் அம்மனைத் தொழுதும் செல்லலாம், தொழாமலும் செல்லலாம். வானிலை அறிவிப்பை இருவரும் கேட்டே செல்லவேண்டும்.