கீழ் முன்பற்கள் நெருக்குவது ஏன்? ஞானப்பல்தான் காரணமா?

பள்ளி வயதில் வரிசையாக இருந்த கீழ் முன்பற்கள், 20 வயதைத் தாண்டியதும் பலருக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறத் தொடங்கும். "ஞானப்பல் முன்னாடி தள்ளுது, எடுத்துட்டா சரியாயிடும்" என்று சொல்வார்கள். அது உண்மையா?

இடப் பற்றாக்குறை

கீழே உள்ள 4 பால் முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழும். அங்கே முளைக்கும் நிரந்தரப் பற்கள் அவற்றைவிட அகலமானவை. தாடையில் இடம் பத்தவில்லை என்றால் பற்கள் திரும்பி நிற்கும். தாடை, பல் இரண்டின் அளவிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. இந்த வயதில் லேசான நெருக்கம் தானாகவே சரியாகலாம்.

பால் கடைவாய்ப்பல் சொத்தையாகி சீக்கிரமே விழுந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். 'விழுற பல்லுதானே' என்று விட்டுவிடக் கூடாது.

ஞானப்பல் மேல் பழி

ஞானப்பல் 17 முதல் 25 வயதுக்குள் வரும். முன்பல் நெருக்கமும் ஏறக்குறைய அதே வயதில் தெரிவதால் பழி அதன் மேல் விழுகிறது. ஆனால், ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் இந்த நெருக்கம் வருகிறது. பிரிட்டனில் 1998-ல் வெளியான ஓர் ஆய்வு, ஞானப்பல்லை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டது. முன்பல் நெருக்கத்தைத் தடுக்க மட்டும் அதை எடுக்கத் தேவையில்லை என்பதே முடிவு.

வயது ஏற ஏற கீழ்ப்பல் வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுவது இயல்பு. கிளிப் போட்டவர்கள் 'ரீடெய்னர்' அணிவதை நிறுத்தினாலும் பல் பழையபடி நகரும்.

எப்போது கவனிக்க வேண்டும்?

நெருக்கமான இடத்தில் பிரஷ் சரியாகப் போகாது. காரை படியும், ஈறு வீங்கி ரத்தம் வரும். பெரியவர்களுக்குப் பல் திடீரென நகர்ந்தாலோ ஆடினாலோ ஈறு நோயாக இருக்கலாம். தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே காட்டலாம்?

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். 1980-ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இதுதான். அங்கு பல் சீரமைப்புக்குத் தனிப் பிரிவு உள்ளது.

வலி, வீக்கம், சொத்தை, பக்கத்துப் பல்லுக்குப் பாதிப்பு போன்றவை இருந்தால் ஞானப்பல்லை எடுக்க வேண்டி வரலாம். முன்பல் நெருக்கத்துக்காக மட்டும் எடுக்கச் சொன்னால், 'வேற காரணம் இருக்கா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள்.