செய்தி எட்டாதோர் கதி

சென்னை மயிலாப்பூரின் கடலோரத்தில், சாந்தோம் தேவாலயத்தின் அடியில் ஒரு கல்லறை இருக்கிறது. ஈசா நபி (அலை) அவர்களின் அணுக்கச் சீடர் பன்னிருவருள் ஒருவரான தோமா அங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறித்தவர்களின் நெடுநாளைய மரபு. கி.பி. 52இல் அவர் மலையாளக் கரையில் வந்திறங்கினார், 72இல் மயிலையை அடுத்த குன்றில் உயிர் நீத்தார் என்று அம்மரபு ஆண்டுக் கணக்கும் சொல்லும். வரலாற்றாசிரியர் அனைவரும் இதனை ஒப்புக்கொண்டாரில்லை. எனினும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவின் நிலைமையை எழுதிய வெனிஸ் நகரத்து மார்கோ போலோ, கிறித்தவரோடு முஸ்லிம்களும் இக்கல்லறையை நாடி யாத்திரை வந்ததைக் குறித்திருக்கிறார். முஸ்லிம்கள் அப்பெரியாரை அழைத்த பெயரையும் அவர் எழுதி வைத்தார். 'அவாரியன்' என்பது போல ஒலிக்கும் அச்சொல்லுக்குப் புனிதர் என்று பொருளும் உரைத்தார். ஈசா நபியின் தோழர்களைத் திருக்குர்ஆன் 'ஹவாரிய்யூன்' என்று குறிப்பிடுவதை அறிந்தவர்களுக்கு இச்சொல்லின் பிறப்பிடம் எதுவெனச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கல்லறை ஒரு வினாவையும் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. தோமா கொணர்ந்த செய்தியை ஏற்றவர் ஈடேறுவர் என்றால், அவர் வருமுன் இம்மண்ணில் வாழ்ந்து மறைந்தவர்களின் கதி யாது? அவர் காலடி படாத நாடுகளில் பிறந்தவர்களின் கதி யாது? நாம் நஜாத் என்றும் ஈடேற்றம் என்றும் சொல்வதைக் கத்தோலிக்கர் மீட்பு என்பர். சீர்திருத்தச் சபையார் இரட்சிப்பு என்பர். சொல் வேறாயினும் வினா ஒன்றே. கிறித்தவ உலகம் இதற்கு விடை தேடிய கதையின் முக்கியமான சில ஏடுகள் நம் சென்னையோடு தொடர்புடையவை என்பது பலர் கவனியாத செய்தி.

1545ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூருக்கு வந்தார். அதற்கு முந்திய ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊர் ஊராகச் சென்று, தமிழில் பெயர்த்து மனனம் செய்த மன்றாட்டுகளை ஓதுவித்து வந்தவர் அவர். அப்பெயர்ப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று நிற்க வேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் நின்றது. 1544இல் சவேரியாரே தம் உதவியாளருக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தச் செய்தார். ஒரு செய்தி ஒருவருக்கு 'எட்டியது' என்று எப்போது சொல்லலாம் என்பதைப் பின்னர்ப் பார்க்கப் போகிறோமாதலால், இந்த 'வேணும்' வாசகர் நினைவில் இருக்கட்டும்.

மயிலையில் ஏறத்தாழ நான்கு மாதம் சவேரியார் தங்கினார். தோமாவின் கல்லறையருகே இரவுகளில் தொழுது, கீழ்த்திசை செல்வதே இறை நாட்டம் என்று துணிந்து, மலாக்காவுக்குக் கப்பலேறினார். அந்த வழி அவரை 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்நாட்டார் கூரிய மதியினர். படைத்தவன் கருணையாளன் என்றால் இத்தனை நூற்றாண்டுகளாகத் தன்னை ஏன் எங்களுக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டனர். யாமகுச்சி நகரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களோ வேறொன்று கேட்டனர். இறந்துபோன எங்கள் தாய் தந்தையர், மனைவி மக்கள் எங்கே இருக்கின்றனர்? நாங்கள் தருமம் செய்தோ வேண்டுதல் செய்தோ அவர்களை மீட்கலாகாதா?

மீட்க வழி இல்லை என்றார் சவேரியார். அவர்கள் அழுதனர். தாம் நேசித்த நண்பர்கள் ஆற்றொணாது அழுவது கண்டு தம் மனமும் நொந்ததாக 1552ஆம் ஆண்டு ஜனவரி 29இல் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முஸ்லிம்களிடத்தும் பிராமணரிடத்தும் கனிவு காட்டியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. எனினும் அக்கடிதத்தின் அந்தச் சில வரிகளைப் படிப்பவர் நெஞ்சு இளகாமற்போவதில்லை.

முதல் வினாவுக்கு அவர் சொன்ன விடை சிந்தனைக்குரியது. மலையில் தனியனாக வளர்ந்து, எவரிடமும் எதுவும் கல்லாத ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். கொலையும் களவும் தீது என்று அவனும் அறிவான். அவ்வறிவைப் படைத்தவனே அவன் உள்ளத்தில் பதித்துள்ளான் என்பது அவர் வாதம். இறைவன் அறவே பேசாமல் இருந்துவிடவில்லை என்று காட்டவே இதனைச் சொன்னார். ஆனால் உள்ளத்தில் பதிந்த அவ்வறிவு குற்றம் சாட்டப் போதுமானது என்றால் ஈடேற்றத்துக்கு மட்டும் ஏன் போதாது? இக்கேள்வியை அவர் எழுப்பவில்லை.

அவர் கற்ற கல்வி அத்தகையது. திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்னும் கோட்பாடு 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்துச் சிப்ரியானிடம் தொடங்கியபோது, சபையிலிருந்து பிரிந்து சென்றோரை எச்சரிக்கும் சொல்லாகவே இருந்தது. 1302இல் போப் எட்டாம் போனிபாஸ் அதனை உலகனைத்துக்கும் ஆக்கினார். 1442இல் ஃபுளோரன்ஸ் சங்கம், புறச்சமயத்தார், யூதர், பிரிந்த கிறித்தவர் எவரும் சபையில் சேராமல் இறந்தால் நெருப்புக்கே உரியர் என்று அறிவித்தது. நற்செய்தி உலகெங்கும் முன்பே பரவிவிட்டது என்னும் எண்ணத்தில் எழுந்த தீர்ப்பு அது. ஐம்பதே ஆண்டுகளில் கொலம்பஸ், ஈசா நபியின் பெயரையே கேட்டிராத ஒரு புதிய கண்டத்தைக் கண்டார்! செய்தியைக் கேளாமை பாவமாகாது என்று 1539இல் சாலமன்காவில் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா உரைத்ததற்கு அக்கண்டமே காரணம்.

ஐயுற்றவர்கள் முன்னும் இருந்தனர். 1321இல் இறந்த இத்தாலியக் கவி தாந்தே, தம் சுவர்க்க காண்டத்தில், சிந்து நதிக்கரையில் பிறந்த ஒரு நல்லவனை நிறுத்தி, கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வாரின்றி மடிந்த அவனைத் தண்டிப்பது எந்த நீதி என்று கேட்கச் செய்கிறார். உலகில் வேறெத்தனையோ ஆறுகள் இருக்க, அவர் நினைவுக்கு வந்தது நம் நாட்டு ஆறு. நரக வாயிலில், துன்பமுமில்லாது இன்பமுமில்லாது ஏங்கும் நல்லோர் வரிசையில் இப்னு ஸீனா, இப்னு ருஷ்து, சுல்தான் ஸலாஹுத்தீன் மூவரையும் அவர் அமர்த்தியிருப்பதும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் செய்தி எட்டாதவர்கள் அல்லர்; கவியின் மனம் கோட்பாட்டை மீறியது என்றே கொள்ள வேண்டும்.

1274இல் மறைந்த தாமஸ் அக்குவினாஸ், காட்டில் வளர்ந்தவன் ஒருவனைக் கற்பனை செய்து, அவன் இயல்பறிவின்படி நன்மையை நாடினால் இறைவன் உள்ளுணர்வாலோ ஒரு போதகரை அனுப்பியோ அவனுக்கு வழி காட்டாமல் விடான் என்று எழுதினார். காட்டு மனிதன் என்றதும் அரபு இலக்கியம் பயின்றோர்க்கு ஹய்யு இப்னு யக்ழான் நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 581இல் மறைந்த அந்தலூஸியாவின் இப்னு துஃபைல் எழுதிய கதை அது. ஹிந்துஸ்தானத்தைச் சேர்ந்த ஒரு தீவில் மானிடத் துணையின்றி மானால் வளர்க்கப்பட்ட குழந்தை, தன் சிந்தனை ஒன்றாலேயே படைத்தவனை அறிகிறது. 1671இல் ஆக்ஸ்போர்டில் போக்காக் என்பார் இதனை இலத்தீனில் அச்சிட்டார். ஐந்தாண்டுகளுக்குள் 'குவேக்கர்' என்னும் கிறித்தவக் குழுவின் அறிஞர் ராபர்ட் பார்க்ளே, வேதம் எட்டாதவரையும் உள்ளொளி ஈடேற்றும் என்னும் தம் கொள்கைக்குச் சான்றாக இக்கதையை எடுத்தாண்டார். நம் புலவர் ஒருவரின் கதை கிறித்தவரின் உள்வழக்கில் சாட்சியாக ஏறியது வியப்பன்றோ!

நம் இமாம்களிடையேயும் இவ்வினா நெடிது ஆராயப்பட்டதே. தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்று இறைவன் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். அதனை அடியொற்றி அஷ்அரிய்யாக்கள், செய்தி எட்டாதோர் மன்னிக்கப்பட்டோர் என்றனர்; அறிவு ஒன்றே படைத்தவனை அறியப் போதும் என்பது மாதுரீதிய்யாக்களுள் பலரின் கொள்கை. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), 'ஃபைஸலுத் தஃப்ரிகா' என்னும் நூலில் தம் காலத்து ரோமக் கிறித்தவரையும் துருக்கியரையும் கருதி மக்களை மூவகையாக்கினார். நபி (ஸல்) அவர்களின் பெயரையே கேளாதோர் ஒருவகை. உண்மையை நேர்படக் கண்டும் மறுத்தோர் ஒருவகை. பெயரைக் கேட்டும், இளமை முதல் திரித்தும் பழித்தும் சொல்லப்பட்டதையே கேட்டோர் மூன்றாம் வகை. முதல் வகையாரோடு மூன்றாம் வகையாரையும் அவர் மன்னிப்புக்குரியோராக்கினார். காதில் ஒலி விழுந்தது மட்டும் செய்தி எட்டியதாகாது என்பது இதன் நுட்பம். முத்துக்குளித்துறையின் 'வேணும்' இங்கே நினைவுக்கு வருகிறதல்லவா? முன்னோர் பற்றிய கவலையும் நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் பெற்றோர் ஈடேற்றம் பெற்றோரே என்று நிறுவ இமாம் ஸுயூத்தி (ரஹ்) தனி நூலே எழுதினார்.

மீண்டும் நம் கரைக்கு வருவோம். 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடியின் சீகன்பால்கும் கிரண்ட்லரும் தமிழர்க்குக் கடிதவழி வினாக்கள் விடுத்தனர். அவரவர் வழியில் நன்னெறி நின்றார் கதி பெறுவர் என்று அன்றைய தமிழர் எழுதிய விடைகள் ஜெர்மானிய மொழியில் ஹாலே நகரில் அச்சேறின. ஆயினும் இந்தியக் கிறித்தவரே தம் குரலில் இதைப் பேசுவதற்கு மேலும் இரு நூற்றாண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

1938ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மாநாடு கூடியது. கல்லூரி அங்கே குடியேறி ஓராண்டே ஆகியிருந்தது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தனர். மாநாட்டுக்கென்றே ஒரு பெருநூலை எழுதிவந்தவர் ஹாலந்து நாட்டு ஹென்றிக் கிரேமர். லெய்டனில் ஸ்னூக் ஹுர்க்ரோன்யேயிடம் அரபும் இஸ்லாமியக் கலைகளும் கற்று, ஜாவா முஸ்லிம்களின் 16ஆம் நூற்றாண்டு ஏடொன்றை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். அத்தகையவர், கிறிஸ்துவில் இறைவன் தன்னை வெளிப்படுத்தியது முற்றிலும் தனியானது, ஏனைய சமயங்கள் மனித முயற்சிகளே, இரண்டுக்கும் தொடர்ச்சியில்லை என்று வாதிட்டார். இஸ்லாத்தைப் பற்றிய அவர் கணிப்பு இன்னும் கடுமையானது. இத்துணைக் கல்வி இவ்வளவு குறுகிய வாயிலில் வந்து முடிவானேன் என்று நமக்குத் தோன்றுகிறது.

மறுத்தவர் அக்கல்லூரியிலேயே இருந்தார். 1903 முதல் அங்குக் கற்பித்து, அவ்வாண்டோடு முதல்வர் பணியை முடித்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அவர். பின்னாளில் குடியரசுத் தலைவரான, மயிலாப்பூர்வாசியுமான டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர் மாணவர். சமயங்களின் கோட்பாடுகள் வேறு, அவற்றின்வழி இறைவனைப் பற்றிக்கொள்ளும் ஒருவரின் நம்பிக்கை வேறு. புறச்சமயத்தவர் ஒருவரிடத்தும் இறைவனை மெய்யாகவே எட்டிய நம்பிக்கை உண்டு என்றார் ஹாக். நூலறிவால் மட்டும் வந்த கருத்தன்று அது. முப்பத்தைந்து ஆண்டுகள் இந்து மாணவர் முகங்களைப் பார்த்துப் பாடம் சொன்னவர் அவர்.

சென்னைக் கிறித்தவர் சிலர் மாநாட்டை முன்னிட்டு அதே ஆண்டில் 'இந்தியாவில் கிறித்தவத்தை மறுசிந்தனை செய்தல்' என்னும் பொருளமைந்த ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியை வெளியிட்டனர். புதுக்கோட்டைத் தலைமை நீதிபதியாயிருந்த பி. செஞ்சையாவும், பிற்காலத்தில் சென்னை மேயராகவும் விளங்கிய தொழிற்சங்கவாதி வி. சக்கரைச் செட்டியாரும் அவருள் முதன்மையானோர். சக்கரையார் 1903இல் கிறித்தவரானவர். செஞ்சையா இளமையில் குடும்பத்தோடு சேர்ந்தவர். கிரேமரின் நூலைச் செஞ்சையா விரிவாக மறுத்தார். தம்மை வளர்த்த இந்து சமயத்தை ஆன்மிகத் தாயாகவே அவர் கருதினார். கிரேமருக்கு இது இறையியல் நுட்பம். செஞ்சையாவுக்கும் சக்கரையாருக்கும் தம் பாட்டனார் பாட்டிமார் பற்றிய பேச்சு. யாமகுச்சியில் அழுதவர்களின் குரல், இம்முறை வழக்கறிஞர் நாவில் வாதமாக எழுந்தது என்பேன்.

தாம்பரத்தில் முடிவு காணவில்லை. கத்தோலிக்கர் பக்கத்திலோ, 1964ஆம் ஆண்டு நவம்பர் 21இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டை வெளியிட்டு, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர், நேரிய மனத்தோடு இறைவனைத் தேடி மனச்சான்றின்படி நடப்பின் மீட்படையலாம் என்று ஒப்பியது. இப்ராஹீம் நபியின் ஏகத்துவத்தைப் பற்றி நிற்கும் முஸ்லிம்களை அவ்வேடு பெயர் சுட்டியே குறிப்பிட்டது. 1442இன் தீர்ப்போடு இதனை வைத்துப் பார்ப்பவர்க்கு இடைவெளி எத்துணைப் பெரிதென்று விளங்கும். கார்ல் ரானர் என்னும் இறையியலார் இன்னும் ஒருபடி போய், அத்தகையோரைப் 'பெயரறியாக் கிறித்தவர்' என்றார். ஹான்ஸ் குங் அதனை ஏற்கவில்லை. நமக்கும் அது உவப்பாயில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது என்று நாம் சொல்லும்போது, கேட்கும் கிறித்தவர்க்கும் இதே நெருடல் உண்டாகலாம்.

1965 முதல் 1974 வரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக, கதீட்ரல் சாலை ஜார்ஜ் தேவாலயத்தைப் பேராலயமாகக் கொண்டு பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் ரானரையும் ஏற்கவில்லை, எல்லோர்க்கும் நரகம் என்பதையும் ஏற்கவில்லை. இளமையில் காஞ்சிபுரத்து இராமகிருஷ்ண மடத்தில் அமர்ந்து இந்து அறிஞரோடு உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் படித்தவர் அவர். இன்னார் ஈடேறுவர், இன்னார் ஈடேறார் என்று தீர்க்கும் உரிமை மனிதர்க்கில்லை என்பது 1989இல் வெளிவந்த நூலில் அவர் கண்ட முடிபு. நம் ஆலிம்கள் 'தவக்குஃப்' என்று சொல்லி, வல்லாஹு அஃலம் என்று நிறுத்திக்கொள்ளும் இடம் அது.

கத்தோலிக்கரின் வழிபாட்டிலும் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தது. 1970ஆம் ஆண்டு வெளியான புதிய திருப்பலி நூலில், நான்காம் நற்கருணை மன்றாட்டு, கிறிஸ்துவின் அமைதியில் இறந்தோரை நினைத்த கையோடு, எவருடைய நம்பிக்கை இறைவன் ஒருவனுக்கே தெரியுமோ அவ்விறந்தோர் அனைவரையும் சேர்த்தே நினைக்கிறது. தாய் தந்தையர்க்காக வேண்டலாகாதா என்று யாமகுச்சியில் கேட்டபோது மறுக்கப்பட்ட வேண்டுதல் அது. சவேரியார் கப்பலேறிய அதே சாந்தோமில், தமிழில், அம்மன்றாட்டை ஓத இன்று தடையில்லை.