சி. கொண்டைய ராஜு

சி. கொண்டைய ராஜு (1898 - 1976) தமிழக நாட்காட்டி ஓவியர்களுள் முன்னோடியாவார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற இவர், நாடகக் குழுவில் திரைச்சீலை ஓவியராகப் பணியாற்றிய பின்னர் கோவில்பட்டியில் குடியேறினார்.

ஓவிய முறை

இவருடைய தெய்வ உருவங்கள் பார்ப்பவரை நேர்நோக்கியிருக்கும். முகத்திலும் உடலிலும் ஒளிநிழல் மேற்கத்திய முறையில் அமையும். அணிகலன்கள் நுண்கோடுகளாலும் பளிச்சிடும் வண்ணங்களாலும் தீட்டப்படும். பின்னணிக் காட்சிகள் நாடகத் திரைகளை நினைவூட்டுவன.

கூட்டுப் பணி

டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் முதலியோர் இவருடைய மாணாக்கர்கள். ஓவியங்கள் சிலவற்றில் ஆசிரியர் பெயருடன் மாணாக்கர் பெயரும் இடம்பெற்றுள்ளது.

அச்சாக்கம்

இவ்வோவியங்கள் விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசியின் அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சிடப்பட்டன. ஆப்செட் அச்சில் தூரிகைத் தடங்கள் நுண்ணிய மைப்புள்ளிகளாக மாறின. மூல ஓவியத்தைக் கண்டோர் சிலரே. அச்சுப்படியோ ஆண்டு முடிந்து தாள்கள் தீர்ந்த பின்னும் சட்டமிடப்பட்டு வீடுகளில் பூசைப் படமாக நிலைத்தது.